தோணியின் விளிம்புப் பலகை

எமது சிறு பாய்த்தோணியின் விளிம்புப் பலகை தேக்கினாலாயது. ஆண்டுதோறும் தந்தையார் அதற்கு எண்ணெய் பூசுவார். முன்னதாக அரத்தாள் கொண்டு தேய்ப்பது கல்லூரி விடுமுறையில் எமக்கு வாய்த்த பணி. அவ்வேலையை வெறுத்தோம் என்பதை மறைப்பானேன்!

தந்தையாருக்குப் பின் எண்ணெயிடுவார் இலர். திருகாணித் துளைகளின் வழியே மழைநீர் புகுந்து மரம் உளுத்தது. அதனைக் களைந்து, உளுக்காத பிளாஸ்திக்குக் கீற்றினைக் காலைக் குளிரில் இறுகப் பூட்டினோம். நண்பகலில் அது பாம்புபோல் நெளிந்து நின்றது!

முதிய ஓடாவியார் ஒருவர் வந்து பார்த்து நகைத்தார். “தம்பி, இது மரமல்லவே, வெயிலில் நீளுமே” என்றார். உண்மைதான். பத்தடித் தேக்கு வெயிலில் நீள்வது மயிரிழையளவே. அக்கீற்றோ அரை அங்குலம்வரை நீளும். நடுவில் ஓர் ஆணியை மட்டும் இறுக்கி, ஏனைய துளைகளை நீள்வாட்டில் அகலித்துத் தளரப் பூட்டுமாறு காட்டித் தந்தார். கூலி வேண்டாரெனினும், வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறையை அடைந்த ‘அன்னபூரணி’ மரக்கலமே என்பதை இருமுறை நினைவூட்டிச் சென்றார்.

கீற்று இப்பொழுது நெளிவதில்லை. பழைய பலகையில் உளுக்காத ஒரு முழத்தை அறுத்தெடுத்து வீட்டில் வைத்துள்ளோம். அதற்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசி வருகின்றோம்.