புருவங்களுக்கு இடையே இரண்டு கோடுகள்



நாங்கள் உடன்பிறந்த இருவர். மூத்தவளுக்கு 63 வயது, இளையவளுக்கு 58. காயல்பட்டினத்தில் வீடு பெண்மக்களுக்கே சேரும் வழக்கம் என்பதால், உம்மாவின் வீட்டைச் சுவர் எழுப்பி இரண்டாக்கி, இடையில் ஒரு வாசலும் விட்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்து வருகிறோம். இதனை எழுதுவதும் இருவருமே. ஒருத்தி சொல்ல மற்றவள் எழுதினாள். பிறகு அவள் எழுதியதை இவள் திருத்தினாள். சில இடங்களில் இருவருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. அவற்றை அப்படியே விட்டிருக்கிறோம்.

எங்களில் இளையவள் மஃரிபுக்குப் பின் தைக்காவில் சிறுமியருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவள். சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி, கிதாபைத் திறப்பதற்கு முன்பே அவளை நிமிர்ந்து பார்த்து, "மாமி, நான் இன்னும் ஓதவே இல்லையே, அதுக்குள்ள ஏன் கோவப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தன. இளையவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள்.

புருவங்களுக்கு நடுவே, செங்குத்தாக இரண்டு ஆழமான கோடுகள். அவள் கோபப்படாத நேரத்திலும் அவை கோபமாகவே இருந்தன.

அவை எப்போது வந்தன என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. அவளுடைய கணவர் சிறுநீரகக் கோளாறால் நான்கு ஆண்டுகள் படுத்திருந்து மவுத்தானார். அந்த நான்கு ஆண்டுகளும், அதன் பின்னான நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும், முகத்தைப் பற்றி நினைப்பதற்குரிய காலமாக இருக்கவில்லை. இத்தாவில் அலங்காரம்தான் விலக்கப்பட்டது. கண்ணாடி பார்ப்பதை மார்க்கம் விலக்கவில்லை. எனினும் அவள் பார்க்கவில்லை. மீண்டும் பார்த்தபோது கோடுகள் அங்கே இருந்தன.

மூத்தவளின் மகள் துபையில் இருக்கிறாள். தொலைபேசியில் இதைக் கேட்டதும், "சாச்சி, இதுக்கெல்லாமா கவலைப்படுறது? இங்க ஊசி போட்டா பத்து நிமிஷம்" என்றாள். போடாக்ஸ் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அன்றுதான்.

மூத்தவள் கடுமையாக மறுத்தாள். அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சபதமிட்டதை அந்நிஸா அத்தியாயம் 119ஆம் வசனம் சொல்கிறதே என்றாள். ஊரார் என்ன சொல்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். கணவர் மவுத்தான பெண்ணுக்கு இது யாருக்காக என்று கேட்க மாட்டார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. அதற்காகப் பின்னர் மன்னிப்புக் கேட்டாள். கணவர் உயிரோடு உள்ள பெண் நகையும் நல்லாடையும் அணியும்போது யாரும் காரணம் கேட்பதில்லை. கணவரை இழந்தவள் இத்தா முடிந்த பின்னும், நல்ல சேலை ஒன்றை உடுத்தினால்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இது மார்க்கம் விதித்த கணக்கு அன்று, நாம் போட்டுக்கொண்டது.

இளையவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நடுவாசலில் நின்று, "ராத்தா, உங்க தலையில இருக்கிற கருப்பை யார் படைச்சது?" என்று கேட்டாள்.

மூத்தவள் பதினெட்டு ஆண்டுகளாகத் தலைக்குக் கருஞ்சாயம் பூசி வந்தவள். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபாவை அழைத்து வந்தபோது, அவருடைய தலையும் தாடியும் வெண்பூப் போல் வெளுத்திருந்தன என்றும், நபி (ஸல்) அவர்கள் அதனை நிறம் மாற்றச் சொல்லி, கறுப்பை மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள் என்றும் முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. நாங்கள் இருவரும் சிறுவயதிலேயே கேட்ட செய்திதான். பிறருடைய ஊசி பெரிதாகத் தெரிந்தது; நம்முடைய சாயக்கிண்ணம் கண்ணில் படவில்லை.

அதன் பிறகுதான் பேச்சு நேர்மையானது. குடும்பத்தில் மாமா முறையுள்ள ஆலிம் ஒருவரிடம் சென்றோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மருந்து என்ன, எதிலிருந்து வருது, என்ன செய்யுது? தெரிஞ்சுக்கிட்டு வாங்க. தெரியாம நான் ஹுக்மு சொல்லக் கூடாது" என்று அனுப்பிவிட்டார்.

ஆகவே ஒரு காலை, திருச்செந்தூர்ப் பாதையில் வரும் ரயிலில் ஏறித் திருநெல்வேலிக்குப் போனோம். தோல் மருத்துவர் எங்கள் பெண்மக்களைவிட இளையவர், பொறுமையானவர். கெட்டுப்போன டப்பா உணவில் வளர்ந்து உயிரையே பறிக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சுதான் அந்த மருந்து. மிகமிகச் சிறிய அளவில் தரப்படுகிறது. நரம்பு தசைக்குச் சொல்லும் செய்தியை அது தடுத்துவிடுகிறது. தசை சுருங்காததால் கோடு விழுவதில்லை. அமெரிக்காவில் 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்குமாக ஒப்புதல் பெற்ற மருந்து, 2002இல்தான் புருவக் கோடுகளுக்கு என்று ஒப்புதல் பெற்றது. ஐந்து இடங்களில் குத்தி மொத்தம் 20 யூனிட். சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மாதங்களில் மறைந்துவிடும். மறுபடியும் போட வேண்டும். சிலருக்கு இமை சில வாரங்கள் சரிந்து நிற்பதும் உண்டு. எத்தனையோ ஆண்டுகளாகப் பதிந்த கோடு முற்றிலும் மறையும் என்று உறுதி கூற முடியாது என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். ஒரு முறைக்கு எட்டாயிரம் ரூபாய்.

மருந்தில் வேறென்ன கலந்திருக்கிறது என்று கேட்டோம். பெட்டியிலிருந்த தாளை எடுத்துக் காட்டினார். மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் என்ற புரதம் அதில் இருந்தது. குறித்துக்கொண்டோம்.

பிறகு அவர், "ஊசி போட்டபின் நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, நெற்றியை அழுத்தவும் கூடாது" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லுஹருக்கும் அஸருக்கும் இடையே நான்கு மணி நேரம் இல்லை. லுஹரைத் தொழுதுவிட்டு உடனே போட்டால் அஸரைச் சற்றுப் பிந்தித் தொழலாமா, இஷாவுக்குப் பிறகு போடலாமா என்றெல்லாம் இளையவள் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். மருத்துவமனை இரவு எட்டு மணிக்கே மூடிவிடும் என்பது வேறு சங்கதி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாது தொழுது வரும் ஒருத்தி, தன் நெற்றியின் அழகுக்காக அந்த நெற்றி தரையில் படாத ஒரு நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்போது அது அவளுக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை.

எழுந்திருக்கும்போது மருத்துவர் கேட்டார்: "கண்ணாடி எப்ப மாத்துனீங்க?" ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வெயிலில் கண் கூசுகிறதா, மாலையில் எழுத்து மங்குகிறதா என்று கேட்டார். இரண்டும் உண்டு. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதாலும் இந்தக் கோடு ஆழமாகும்; முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். எட்டாயிரம் ரூபாயைக் கைநீட்டி வாங்கியிருக்கக்கூடிய இடத்தில் இப்படிச் சொன்ன அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

திரும்பும் ரயிலில் இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "அவர் பாத்த முகம் இது இல்ல ராத்தா" என்றாள். மூத்தவளுக்கு உடனே பதில் வரவில்லை. நிலையங்கள் கடந்தன. வீட்டை நெருங்கும்போதுதான், "அவர் கடைசியாப் பாத்தது இந்த முகத்தைத்தான்" என்றாள். இந்தப் பேச்சை இங்கே எழுதலாமா என்று நெடுநேரம் தயங்கினோம்.

ஆலிம் அவர்களிடம் மீண்டும் போனபோது அவர் ஆயத்தமாக இருந்தார். பச்சை குத்துவோரையும், முகத்து முடியைப் பிடுங்குவோரையும், அழகுக்காகப் பல்லை இடைவெளியாக்குவோரையும் சபிக்கும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பை எடுத்து, அதிலுள்ள 'அழகுக்காக' என்ற சொல்லில் விரலை வைத்தார். சிகிச்சைக்காகவோ ஒரு குறையை நீக்கவோ செய்வது இதில் சேராது என்று இமாம் நவவி விளக்கியிருப்பதைச் சொன்னார். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்து அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்ததையும் நினைவூட்டினார். மூக்கில்லாமை குறை, சுருக்கம் குறையா?

இக்கால அறிஞர்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2006இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் அழகுக்காக இந்த ஊசி போடுவதைத் தடுத்தது. 2007இல் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நோயாக இருந்தாலன்றி, அறுவையாலோ ஊசியாலோ சுருக்கத்தை நீக்கக் கூடாது என்றும், நோயானாலும் தீங்கு இருக்கக் கூடாது என்றும் முடிவெடுத்தது. இந்தோனேசியாவின் உலமா மன்றமோ 2020இல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. சில மாதங்களில் மறைவதால் இது படைப்பை மாற்றுவதாகாது, மருதாணி போன்றதே என்போரும் உளர். ஆலிம் அவர்கள் தாம் தடுக்கும் பக்கமே சாய்வதாகக் கூறினார். எனினும் அத்துடன் நிறுத்தாமல் இளையவளிடம் ஒன்றைக் கேட்டார்: "பிள்ளைகள் பயப்படுவதுதான் காரணம் என்றால், கண்ணைச் சரி செய்து, முகமலர்ச்சியோடு ஸலாம் சொல்லி, அவர்களின் பயம் போய்விட்டால் போதுமா? இல்லை, அதற்குப் பின்பும் ஊசி வேண்டியிருக்குமா?"

இளையவள் தலை குனிந்து, "வேண்டியிருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றாள். பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தன் ஆசைக்கு வழி தேடியிருக்கிறாள். அவள் வேண்டியது கோடற்ற நெற்றியும் அன்று. கோடு விழுவதற்கு முந்திய ஆண்டுகள். அவற்றைத் தரும் ஊசி எங்கும் இல்லை. முதுமைக்கு மட்டும் மருந்தில்லை என்ற நபிமொழி எங்களுக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு, மனம் ஒப்புவது வேறு.

கண் மருத்துவர் வலக்கண்ணில் புரை இருப்பதாகச் சொன்னார். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அவரும் அதே சொற்களைத்தான் சொன்னார்: சில நாட்கள் குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. ஆலிம் அவர்கள் கற்றுத் தந்தபடி இளையவள் இயன்ற இடத்தைக் கழுவி, மற்றதற்குத் தயம்மும் செய்து, நாற்காலியில் அமர்ந்து தலையைச் சாய்த்துத் தொழுதாள். இம்முறை அவள் எந்தக் கணக்கும் போடவில்லை. எந்த உறுத்தலும் இல்லை. அதே நெற்றி, அதே தடை. இரண்டாம் நாள் அதை அவளே எடுத்துச் சொல்லி, அன்றைக்கு ரயிலில் அழாத அழுகையைக் கொஞ்சம் அழுதாள். கண்ணுக்கு ஆகாது என்று மூத்தவள் அதட்டினாள்.

கோடுகள் இன்னும் இருக்கின்றன. சற்று ஆழம் குறைந்திருக்கிறது என்கிறாள் மூத்தவள்; இளையவள் அதை நம்பவில்லை. ஆசை முற்றிலும் போய்விட்டது என்று எழுத வேண்டாம், பொய்யாகிவிடும் என்றும் சொல்லியிருக்கிறாள். மூத்தவள் கருஞ்சாயத்தை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. வெண்மையின் மேல் பூசிய மருதாணி நல்ல செம்மஞ்சள் நிறத்தில் பிடித்து, பேரப்பிள்ளைகளுக்கு ஓயாத வேடிக்கையாகிவிட்டது. ஒருநாள் தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, உடம்புக்குச் சுகமில்லையா என்று மெய்யான கவலையோடு விசாரித்துவிட்டுப் போனாள்.

ஊசிக்கென்று எடுத்து வைத்த எட்டாயிரம் ரூபாய் உறையோடு அலமாரியில் இருந்தது. ஸதகா செய்துவிடலாம் என்றாள் மூத்தவள். இளையவள் வேறொன்று சொன்னாள். தைக்காவில் பிள்ளைகள் அமரும் பக்கத்தில் ஒரே ஒரு பழைய விளக்கு. மஃரிபுக்குப் பின் அந்த ஒளியில் யார் ஓதினாலும் கண்ணைச் சுருக்கித்தான் ஓத வேண்டும். போன வாரம் மூன்று புதிய குழல்விளக்குகள் போட்டார்கள். அந்த ஏழு வயதுப் பிள்ளை இப்போது அல்ஃபஜ்ர் சூராவை ஓதிக்கொண்டிருக்கிறது. மாமி கோபமா என்று அது மறுபடி கேட்கவில்லை. கேட்க நேரமின்றி இடைவிடாமல் வேறு கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.