ஷாஹிபாக் மாளிகையில்

அகமதாபாத்தின் ஷாஹிபாக் மாளிகைக்கு நான் பேயைத் தேடித்தான் போனேன். இதை ஒப்புக்கொள்வதில் கூச்சம் இல்லை. இன்று அது சர்தார் படேல் நினைவு அருங்காட்சியகம். ஷாஜஹான் இளவரசனாக குஜராத்தை நிர்வகித்தபோது, 1618க்கும் 1622க்கும் இடையில் எழுந்த கட்டடம். பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள், 1960லிருந்து 1978வரை கவர்னர்கள், 1980இல் நினைவகம். இடையில், 1878இல், சில மாதங்கள் பதினேழு வயது ரவீந்திரநாத் தாகூர் இங்கே இருந்தான். அண்ணன் சத்யேந்திரநாத் ஜட்ஜ். பகலில் கோர்ட்டுக்குப் போய்விடுவார். பையனுக்கு மிஞ்சியவை காலி அறைகள், புறாக்களின் முனகல், கீழே சபர்மதி. சரித்திரம் நடப்பதை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும் என்று கல்கத்தா அவனுக்குச் சொல்லித் தரவில்லை. 1895இல் அந்த மாதங்கள் ‘பசித்த கற்கள்’ என்ற கதையாயின.

நம்மில் பலர் படித்த கதைதான். பருத்தி வரி வசூலிக்க வந்தவன் பாழடைந்த அரண்மனையில் தங்குகிறான். பகலில் கணக்கு, இரவில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கொலுசுகள். இருட்டில் ஓர் அடிமைப் பெண் அவனை அலைக்கழிக்கிறாள். விடிந்ததும் மெஹர் அலி என்ற பைத்தியக்காரன் அரண்மனையைச் சுற்றிச் சுற்றிக் கூவி எச்சரிக்கிறான். இத்தனையும் ஒரு ரயில் ஜங்ஷனில் முன்பின் தெரியாத ஆள் சொல்வது. அந்தப் பெண் யார் என்று சொல்ல அவன் வாய் திறக்கும்போது ரயில் வந்துவிடுகிறது. கேட்ட இருவரில் ஒருவர் புளுகு என்கிறார். மற்றவர் தியாஸபிஸ்ட், நம்புகிறார். அத்தோடு அவர்கள் உறவு முறிகிறது.

அந்த முறிவைச் செயற்கை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு எனக்கே நேர்ந்தது. இதே கதையை வைத்து ஒரு நண்பனோடு ராத்திரி முழுக்கச் சண்டை. உண்மையா பொய்யா என்ற கேள்வியையே தாகூர் ரயிலேற்றி அனுப்பிவிடுகிறார், அதுதான் சிருஷ்டி என்றேன். அவன் கேட்டது வேறு. “ராணி வருகிறாள், அடிமைப் பெண் வருகிறாள். கல் சுமந்தவன் ஏன் பேயாகக்கூட வரமாட்டேன் என்கிறான்?” பிரசாரம் என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. பதினோரு வருஷம் பேசவில்லை. போன ஆவணியில் அவன் செத்துப்போனான். தகவல் மூன்றாம் மனிதர் மூலம் வந்தது.

மாளிகையில் படேலின் உடைகள், கடிதங்கள், புகைப்படங்கள். எல்லாவற்றுக்கும் கீழே தேதியோடு சீட்டு. படேல் பேயாக வர வழியே இல்லை, சீட்டுகள் அவரை முழுவதும் சொல்லித் தீர்த்துவிட்டன. மாடியில் தாகூருக்கும் ஓர் அறை, ஒரு சிலை. சிலை எனக்குப் பிடிக்கவில்லை. உலகத்துக்குத் தெரிந்த தாகூர் அது. இங்கே திரிந்தவன் மீசை அரும்பாத, இங்கிலாந்துக்குக் கப்பலேறக் காத்திருந்த பையன். சீட்டில்லாதவர்களுக்குத்தான் கதை வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. அடிமைப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, கொலுசாவது இருந்தது. அவன் கேட்ட ஆளுக்கு அதுவும் இல்லை. இதை அவனிடம் சொல்லியிருந்தால் இதற்கும் சண்டை பிடித்திருப்பான்.

கீழே இறங்கி ஆற்றுப் பக்கச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் ஏறிய பூச்சு. கல் அதற்குள் எங்கோ. எத்தனை நேரம் நின்றேனோ, மூடும் நேரம் ஆகியிருந்தது. காவலாளி விசிலை ஊதிக்கொண்டு மாளிகையைச் சுற்றி வந்தான். என்னைப் பார்த்ததும் கையை வீசி, போ போ என்றான்.