நிபந்தனை

வெகுஜனப் பத்திரிகை வாசகனைத் திட்டும்போதெல்லாம் நாம் பாவ்லோவின் நாயைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். மணி அடித்தால் எச்சில். தொடர்கதை வந்தால் கண்ணீர். சௌகரியமான உவமைதான். ஆனால் அந்த நாயைப் பற்றிய நம் ஞானம் மணியோடு நின்றுவிடுகிறது.

ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர் இவான் பாவ்லோவ். சோறு வாய்க்கு வருமுன்பே நாய்க்கு எச்சில் ஊறியதுதான் அவரைப் பிற்பாடு ஆயுள் முழுக்கப் பிடித்துக்கொண்டது. மெட்ரோனோமின் தாளம், விளக்கு வெளிச்சம், தோலில் ஒரு தொடுகை – எதுவும் சோற்றுக்கு அறிகுறியாகலாம் என்று கண்டார். இதற்கு ருஷ்ய மொழியில் அவர் வைத்த பெயருக்கு, ‘நிபந்தனைக்குட்பட்ட’ அனிச்சைச் செயல் என்று அர்த்தம். 1927-ல் அவர் மாணவர் ஆன்ரெப் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பிலோ அது ‘கண்டிஷண்ட்’ – அதாவது, பழக்கி முடிக்கப்பட்டது. ஒரு விகுதி மாறியதில் விஷயமே மாறிவிட்டது.

வங்கியில் கடன் பத்திரங்களோடு பிழைக்கிறவன் நான். நிபந்தனை தவறினால் ஒப்பந்தம் என்னவாகும் என்று தெரியும். நாயும் அதை அறிந்திருக்கிறது. மெட்ரோனோமை ஓடவிட்டுச் சோறு போடாமலே இருந்தால் எச்சில் குறைந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் சும்மா விட்டு மறுபடி ஓடவிட்டால் கொஞ்சம் ஊறுகிறது. அழிந்ததாகத் தோன்றியது அடங்கித்தான் கிடந்திருக்கிறது.

1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம். ஆய்வுக்கூடத்து நாய்களைத் தண்ணீரிலிருந்து மீட்டார்கள். மாதக்கணக்கில் பழக்கியதெல்லாம் சில நாய்களிடம் காணாமற்போயிருந்தது. அது மெல்லத் திரும்பிய பிறகு, கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். ஒரு நாய் மறுபடியும் நிலைகுலைந்தது. வருஷக்கணக்கான பயிற்சி ஒரு பக்கம், ஒரே நாளின் பீதி மறுபக்கம், இரண்டுமே கற்றவைதாம்.

வாசகன் பழக்கி முடிக்கப்பட்ட ஜந்து என்றால் விமர்சனத்துக்கு வேலையே இல்லை. வசை போதும். நிபந்தனைக்குட்பட்டவன் என்றால், அந்த நிபந்தனை யார் கையில் இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். வாராவாரம் தவறாமல் தட்டில் ஏதோ விழுகிறது, அவன் வருகிறான். நம் வட்டத்தில் மட்டும் என்ன? ‘அந்நியமாதல்’, ‘படிமம்’ என்று யாராவது உச்சரித்தால் தலைகள் ஆடுகின்றன. கூடவே கவிதை வந்ததா என்று பார்ப்பவர்கள் குறைவு.

நாய் உவமையைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவைக்கலாம். அடுத்த இதழில் நாம் பரிமாறப்போவது என்ன என்பதுதான் இப்போதைய பிரச்னை.