சுருக்குக் கம்பி மட்டும் வேண்டாம்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் லயத்து வாசலில் பாத்தி போட்டிருக்கிறவங்களுக்குச் சொல்றேன். போஞ்சி நாற்று கத்தியால் சீவினமாதிரி சரிவாக அறுந்து, பக்கத்தில் உருண்டைப் புழுக்கை கிடந்தால் முயல்தான். கோபம் வரும், நியாயம்தான். சொந்தக் காணி இல்லாத நமக்கு அந்தப் பாத்திதானே காணி!

ஆனாலும் சுருக்கு வைக்காதீங்க, அதில் முயல் மட்டும் மாட்டாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிச் சுருக்கில் மாட்டின கருஞ்சிறுத்தை, வைத்தியத்துக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கல. நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

நம்ம காட்டு முயல் வளை தோண்டாது, இடுக்கில்தான் நுழையும். மூன்றடி உயரக் கோழிக்கூட்டு வலை போதும். அடியை வெளிப்பக்கம் ஒரு சாண் மடித்துக் கல் வைத்து அழுத்துங்க. வலை வாங்க வசதியில்லையென்றால், நாற்று தேறும்வரை ராத்திரியில் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல் வையுங்க.