தை அமாவாசையும் தகர டப்பாவும்

ராமேஸ்வரத்துக்கு அமாவாசையன்று போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அப்பாவுக்குத் தர்ப்பணம். இன்னொன்று, நிலா இல்லாத வானம். இரண்டாவது காரணம் எனக்குத் தெரியவர, ஒன்பது வயது மகனும் இரண்டாயிரம் ரூபாய் நஷ்டமும் தேவைப்பட்டது.

பையன் டெலஸ்கோப் கேட்டான். அட்டைப் பெட்டியில் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று போட்டிருந்தது. வாங்கிவிட்டேன். மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தால், 525 மடங்கு பெரிதான மங்கல்! பிறகுதான் விவரம் தெரிந்த ஆபீஸ் நண்பர் சொன்னார்: "லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதை இரண்டால் பெருக்குங்க சார். 60 மில்லிமீட்டர்னா 120 மடங்கு. அதுக்கு மேல எல்லாம் வியாபாரம்."

அடுத்து வீட்டுக் கோளரங்கம். 2005-ல் ஜப்பானில் சேகா கம்பெனி 'ஹோம்ஸ்டார்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வீட்டுக் கூரையிலேயே நட்சத்திரங்களைக் காட்டும். விலையைக் கேட்டதும் எனக்குப் பகலிலேயே நட்சத்திரம் தெரிந்தது. கடைசியில் காலி டப்பாவின் அடியில் ஆணியால் ஓரியனுக்கு ஏழு ஓட்டை போட்டு, உள்ளே டார்ச் அடித்தோம். கூரையில் ஓரியன்! செலவு, ஓர் ஆணி.

"நிஜமா இப்படியாப்பா இருக்கும்?" என்றான் பையன். சென்னையில் அதற்கு பதில் இல்லை. பொங்கல் லீவில் டெலஸ்கோப், டப்பா, எள், தர்ப்பை சகிதம் ரயிலேறினோம்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் வழியாக ரயில் போகிறது. தனுஷ்கோடியில் நட்சத்திரம் பார்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் பொழுது சாய்வதற்குள் அங்கிருந்து எல்லோரையும் கிளப்பிவிடுகிறார்கள். அங்கே பகல் வானத்துக்குத்தான் பெருமை. 2010 ஜனவரி 15 அன்று வளைய சூரிய கிரகணம். தனுஷ்கோடியில் சூரியன் பத்து நிமிடம் மோதிரமாக நின்றது. அன்றும் தை அமாவாசைதான்! (சூரியனை டெலஸ்கோப்பில் நேராகப் பார்க்கக் கூடாது. கண் போய்விடும். பையன்களிடம் இதை முதலில் சொல்லுங்கள்.)

ஆகவே, மண்டபம் பக்கம் தென்கரையில் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "அண்ணே, இங்கே கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்றேன். டெலஸ்கோப்பைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சர்வேயா?" என்றார்.

கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றிவிட்டு, சும்மா உட்கார்ந்தோம். பையன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. டப்பாவின் ஏழு ஓட்டைகளைத் தேடுகிறான், நடுவே ஆயிரம் ஓட்டைகள்!

"அந்தா, கொத்தா இருக்குல்ல? அறுமீன்" என்றார் பெரியவர். தெற்கே கடலுக்கு மேல் பளிச்சென்று ஒன்று. "அது அகத்தியர்" என்றேன் நான், புத்தகத்தில் படித்த தைரியத்தில்.

வடக்கே பனை மரங்களுக்கு மேலே மங்கலாகத் துருவ நட்சத்திரம். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் சுமார் பத்து டிகிரி. துருவம் அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. அது எத்தனை டிகிரி உயரமோ, நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே அத்தனை டிகிரியில் இருக்கிறோம். ராமேஸ்வரத்துக்கு ஒன்பது, சென்னைக்குப் பதின்மூன்று. பையன் முஷ்டியால் ஊரையே அளந்துவிட்டான்.

"நாங்க இதை வச்சுத்தான் கரை சேர்ந்தோம்" என்றார் பெரியவர். செல்போனும் கையுமாக நின்ற பேரனைக் காட்டி, "இவங்க காலத்துல எல்லாம் ஜி.பி.எஸ். நல்லதுதான். ஆனா பேட்டரி தீந்துபோச்சுன்னா?" பேரன் சிரித்தான். நிமிரவில்லை.

மட்டமான அதே டெலஸ்கோப்பில், குறைந்த பெருக்கத்துக்கான லென்ஸைப் போட்டு வியாழனைப் பிடித்தேன். சின்ன வட்டம். பக்கத்தில் ஒரே வரிசையில் புள்ளிகள். 1610-ல் கலீலியோ பார்த்த நிலாக்கள். பையன் பார்த்தான். பெரியவர் பார்த்தார். "அதுக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கா!" என்றார். அதற்குத்தான் பேரன் செல்போனைப் பையில் போட்டுவிட்டு வந்தான். வெகுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "தாத்தா, நீ சொன்ன அறுமீன் எது?" என்றான்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

விடியற்காலை நாலு மணிக்கு அக்னி தீர்த்தத்துக்கு நடந்தோம். தெரு விளக்கு குறைந்த ஓரிடத்தில் நின்று பார்த்தால், வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே நிமிர்ந்து நின்ற தென்சிலுவை. ஆயிரக்கணக்கான ஜனங்கள், எல்லோருக்கும் அவசரம், யாரும் மேலே பார்க்கவில்லை.

எனக்கு முதன்முதலில் ஓரியனின் மூன்று நட்சத்திரங்களைக் காட்டியவர் அப்பா. ஒரு கரண்ட் கட் ராத்திரி, மொட்டை மாடியில், விரலால். அவரிடம் டெலஸ்கோப் ஏது?

எள்ளும் தண்ணீருமாகக் கையை நீட்டியபோது, பையன் கரையில் நின்று முஷ்டியால் எதையோ அளந்துகொண்டிருந்தான்.