காதுக்குப் பூட்டு

தலித் பத்திரிகையில் ஹெட்போன் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நிலம், கூலி, கொலை, வழக்கு என்று எழுத எவ்வளவோ கிடக்க, இவன் காதில் மாட்டுகிற கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் யார் சத்தம் போடலாம், யார் போடக் கூடாது என்பதும் நம்ம பிரச்சினைதான். அதை நான் எந்தக் கருத்தரங்கிலும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு வாடகை வீட்டில் கற்றுக்கொண்டேன்.

1998இல் சென்னையில் வேலை கிடைத்து, ஒரு காம்பவுண்டு வீட்டு மாடியில் ஒற்றை அறைக்குக் குடிபோனேன். வீட்டுக்காரர் பேர் கேட்டார். ஊர் கேட்டார். வந்தவாசிப் பக்கம் என்றதும் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். மழுப்பினேன். இந்தக் கேள்விக்கு மழுப்புவதற்கு நம்ம பசங்க எல்லாருக்கும் சின்ன வயசிலேயே பயிற்சி உண்டு. என் சொத்து ஒரு பாய், ஒரு டூ-இன்-ஒன், ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட். கல்லூரி விடுதியில் ஒரு சிநேகிதன் மூலமாக ராக் இசை எனக்குப் பழக்கமானது. பாட்டின் இங்கிலீஷ் பாதி புரியாது. டிரம்ஸ் புரிந்தது. மோளக்காரன் மகனுக்கு அது புரியாமல் போகுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் படியேறி வந்தார். "என்ன தம்பி, சாவு வீடு மாதிரி ஒரே பறை மோளமா இருக்கு? நாலு குடும்பம் இருக்கிற எடம்" என்றார். என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். உடம்பு சில்லிட்டுப்போச்சு. அவர் கண்டுபிடிக்கவில்லை. பறை என்பது அவர் வாயில் சும்மா வருகிற ஒரு வசவு, அவ்வளவுதான். அதே வீட்டில் மார்கழி மாசம் விடிகாலை 5 மணிக்கு பக்திப் பாட்டு தெருவையே எழுப்பும். அதை ஒருத்தரும் இரைச்சல் என்று சொன்னதில்லை.

மறுநாள் சாயங்காலமே ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு ஹெட்போன் வாங்கினேன். இசைக்காக வாங்கியதில்லை அது. பயத்துக்காக வாங்கியது.

பயத்தில் வாங்கினால் எப்படி இருக்கும்? கடைக்காரர் "பாஸ் சும்மா அதிரும் சார்" என்றார். அதிர்ந்தது. அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. டிரம்ஸ், பாஸ் கிடார், பாடுகிறவன் தொண்டை எல்லாம் ஒரே சாக்கில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த தோழர் ஒருவர் வந்து காதில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றினார். "இது பாட்டு இல்லப்பா, மோட்டார் ரூம்" என்றார். அவர் சொல்லித்தான் பல விஷயம் தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். விடுதியில் இருக்கிற, வாடகை அறையில் இருக்கிற மாணவத் தோழர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு கணக்கு. கிடாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பாஸ் கிடாரின் அடித்தந்தி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். மலிவான ஹெட்போன் 41 வரைக்கும் ஒழுங்காக இறங்காது. அதை மறைக்க 100ஐச் சுற்றியுள்ள ஒலியை ஊதிப் பெருக்கிக் காட்டும். அதிர்கிறது என்று நாம் ஏமாறுவோம். ஆனால் பாஸ் கிடார் எந்த வழியில் நடக்கிறது என்பது தெரியாது. ராக் இசைக்கு அதிர்வைவிட இந்தப் பிரிவினைதான் முக்கியம். நாலு பேர் ஒரே நேரத்தில் அடிக்கும்போது நாலு பேரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

அடுத்தது, மூடியதா திறந்ததா என்பது. மூடிய கிண்ணம் உள்ள ஹெட்போனில் நாம் கேட்பது வெளியே அவ்வளவாகப் போகாது, வெளிச்சத்தம் உள்ளே அவ்வளவாக வராது. திறந்த வகையில் கிண்ணத்தின் முதுகில் வலைதான் இருக்கும். ஒலி இரண்டு பக்கமும் போகும், வரும். திறந்ததில் இசை அகலமாக, மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்கும் அது கேட்கும். எட்டுப் பேர் படுக்கிற விடுதி அறைக்கு மூடியதுதான் சரி.

தோழர் எனக்குச் சொன்னது சோனி எம்.டி.ஆர்.-7506. 1991இலிருந்து விற்கிற மூடிய வகை. ஒலிப்பதிவுக்காரர்கள் காதில் நீங்கள் பார்த்திருக்கலாம், சுருள் வயரும் நீலப் பட்டையும் இருக்கும். காசு சேர்க்க எனக்கு ஒன்றரை வருசம் ஆனது. அதன் மின்தடை 63 ஓம். சாதாரணக் கருவியே அதை ஓட்டிவிடும். சென்ஹைசர் எச்.டி. 600 என்கிற திறந்த வகை 300 ஓம். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் முழு உயிர் வரும். வாங்கும்போது இந்த எண்ணைப் பாருங்கள். இப்போது பல கைபேசிகளில் வயர் செருகும் துளையே இல்லை, சின்ன டாங்கிள் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும். வயர் இல்லாதது வசதிதான், ஆனால் பாட்டரி செத்தால் பெரும்பாலும் ஹெட்போனும் சேர்ந்து சாகும். நம்ம காசுக்கு வயரும் மெத்தையும் மாற்றிக்கொள்கிற மாதிரி இருப்பது நல்லது. சென்னை வேர்வையில் அந்தக் கறுப்பு ரெக்சின் மெத்தை இரண்டு மூணு வருசத்தில் தோலுரிந்துவிடும்.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். உடனே பாஸ் கூடினால் அது உங்கள் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை, ஓரத்தில் ஒலி ஒழுகுகிறது. கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். அரைமணி நேரம் கழற்றாமல் இருக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது? நான் எப்போதும் இரண்டு வைத்துக்கொள்வேன். இரண்டும் லெட் செப்பலின் பாடியது. ஒன்று 1969இல் வந்த 'ஹோல் லாட்டா லவ்'. நாலாவது நிமிசத்தில் இசை நின்று குரல் மட்டும் வரும். நல்ல ஹெட்போனாக இருந்தால் அந்தக் குரலுக்கு முன்னாடியே, தூரத்திலிருந்து, அதே குரல் மெல்லிசாகக் கேட்கும். ஒலிநாடாவில் தங்கிவிட்ட கசிவு அது. மோசமான ஹெட்போனில் இது தெரியாது. எனக்கு இந்தப் பாட்டில் இன்னொரு குரலும் கேட்கும். வில்லி டிக்சன் என்கிற கறுப்பினப் பாடலாசிரியர் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிப் பதிந்த பாட்டிலிருந்து எடுத்தது இது. டிக்சன் பேரைப் போடவில்லை. 1985இல் அவர் வழக்குப் போட்டார். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்தார்கள். அப்புறம்தான் பேர் ஏறியது. ராக் என்பது வெள்ளைக்காரன் சங்கதி, நமக்கு எதுக்கு என்று நம்ம தோழர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடியில் இருக்கிற குரலைக் கேட்கிற மாதிரி ஒரு ஹெட்போன் வாங்குங்கள் என்பதுதான் என் பதில்.

இரண்டாவது, 1971இல் வந்த 'வென் தி லெவி பிரேக்ஸ்'. 1927இல் மிசிசிப்பி ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. கறுப்பின மக்களைத் துப்பாக்கி முனையில் கரையை உயர்த்த வைத்தார்கள். கரை உடைந்தபின் அதே கரைமேல் முகாம் போட்டு அடைத்து வேலை வாங்கினார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பாடிப் பதிந்தார்கள். அதைத்தான் லெட் செப்பலின் எடுத்துப் பாடியது. மின்னி பேரை இந்தத் தடவை போட்டார்கள். ஜான் பான்ஹம் அடித்த டிரம்ஸை இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்கிற பழைய வீட்டின் கூடத்தில் வைத்து, மைக்கை மாடிப்படியின் மேலேயிருந்து தொங்கவிட்டுப் பதிந்தார்கள். 1795இல் ஏழைகளை அடைத்து வேலை வாங்குவதற்காகக் கட்டிய வீடு அது. நல்ல ஹெட்போனில் டிரம்ஸ் மட்டுமில்லை, அந்த வீடே கேட்கும்.

இதை எனக்கு உறுதிப்படுத்தியது என் நைனா.

நைனா முப்பது வருசம் மோளம் அடித்தவர். ஊரில் யார் செத்தாலும் போய் நிற்க வேண்டும். ஒரு படி அரிசி, கொஞ்சம் காசு, சாராயம். 1990களில் எங்கள் காலனியில் இனிமேல் ஊர்ச் சாவுக்கு மோளம் அடிப்பதில்லை என்று கூடி முடிவெடுத்தார்கள். நைனா மோளத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். அடிமைத்தொழிலை விட்டாச்சு, காது மட்டும் திரும்பி வரவில்லை. 2006இல் என்னோடு வந்து தங்கியபோது காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். மோளம் தொங்கின இடது பக்கம் ரொம்ப மோசம். சத்தத்தால் காது கெடும்போது 4000 ஹெர்ட்ஸைச் சுற்றித்தான் முதலில் அடிபடுமாம். தாழ்ந்த ஒலி தங்கும், மேல் ஒலி போய்விடும். பேச்சில் க, ச, த எல்லாம் மங்கிப்போகும். "பேசறது கேக்குதுடா. இன்னா பேசறீங்கன்னுதான் புரியல" என்று நைனா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கவனமில்லாமல் கேட்கிறார் என்று அவரை எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நைனா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாடா இது, காதுக்குப் பூட்டு போட்டுக்கினு?"

அவர் தலையில் மாட்டிவிட்டு அந்த வெள்ளப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். விரல் தொடையில் தட்டியது.

"கூரை ஒசந்த எடத்துல குந்தி அடிக்கிறாண்டா. வெளியில அடிச்சா இப்பிடி வராது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாவுக்கா?" என்றார்.

"இல்ல நைனா. வெள்ளம் வந்ததப் பத்தின பாட்டு."

"காசு குடுத்தானுங்களா?"

அடிச்சவருக்குக் குடுத்தாங்க என்றேன். பாட்டை முதலில் பாடிய மின்னி 1973இல் வறுமையில் செத்தார் என்பதையும் சொன்னேன். புரிந்ததோ என்னவோ, தலையாட்டினார். பிறகு ஒலி கூட்டுகிற பொத்தானைக் காட்டி, "கொறச்சி வையி. நீ இம்மாஞ் சத்தம் வச்சிதான் கேக்கறியா? உன் காதாவது நிக்கட்டும்" என்றார்.

நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் படியேறி வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில், வெளியே போட முடியாத சத்தத்தை எல்லாம் காதுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். மூணு டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். நல்ல மூடிய ஹெட்போனில் ஒரு லாபம் இருக்கிறது. வெளி இரைச்சல் குறைவதால் குறைந்த சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். இது தெரிந்து வாங்கினால் ஹெட்போன் காதைக் காப்பாற்றும். தெரியாமல் வாங்கினால் அதுவே காதைத் தின்றுவிடும்.

2010இல் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டினேன். படியேறி வர யாருமில்லை. அப்படியும் சாயங்காலமானால் கை தானாக அந்த மூடிய ஹெட்போனைத்தான் தேடியது. பன்னிரண்டு வருச வழக்கம். பழக்கமா பயமா என்று யோசித்தேன். பயம்தான். அடுத்த போனஸில் திறந்த வகை ஒன்று வாங்கினேன். முதல்நாள் பக்கத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, எனக்கும் கேக்குது" என்றாள். கேக்கட்டும் என்றேன். 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறி, கிடாரையும் டிரம்ஸையும் கானாவையும் நம்ம தோல் கருவிகளையும் ஒன்றாகப் போட்டபோது, அவர்கள் பாட்டையும் என் சோதனைப் பாட்டில் சேர்த்துக்கொண்டேன். அந்த ஹெட்போனில் தோல் தனியாகவும் தந்தி தனியாகவும் நன்றாகவே பிரிந்து வருகிறது.

நைனா அதைக் கேட்க இல்லை. 2014இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் காலனி ஆட்களும் பக்கத்து ஊரில் பறைக் கலைக்குழு வைத்திருக்கிற பையன்களும் வந்தார்கள். காசு வேண்டாம், மாமாவுக்கு நாங்க அடிக்கிறோம் என்றார்கள். பரணில் இருந்த நைனாவின் மோளத்தையும் இறக்கி நெருப்பில் காய்ச்சினார்கள். நான் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பி நுரையில் செய்த காதடைப்பான் இருபது ஜோடி வாங்கிவரச் சொன்னேன். ஒவ்வொருத்தன் கையிலும் கொடுத்தேன். சாவு வீட்டில் இது என்ன கூத்து என்று சிரித்தார்கள். மூணு பேர் வைத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் வைத்துக்கொண்டு அடித்தார்கள். சுடுகாடு வரைக்கும் ஊரே கேட்க அடித்தார்கள்.