மணி கேட்டார்கள்... புத்தகம் வந்தது!

ஒரு ஊருக்கு உங்கள் பெயரை வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்த கையோடு, "ஐயா, எங்க கோயிலுக்கு ஒரு மணி வாங்கித் தரணும்" என்று ஆள் அனுப்பினால் என்ன செய்வீர்கள்? பெயர் வைத்த பாவத்துக்கு வாங்கித் தந்துவிடுவீர்கள். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தரவில்லை.

1778-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் புதிதாக உருவான ஊர் அது. முதலில் எக்ஸெட்டர் என்று பெயர் வைப்பதாக இருந்து, கடைசி நேரத்தில் ஃப்ராங்க்ளின் என்று மாற்றினார்கள். மனிதர் அப்போது அமெரிக்காவின் பிரதிநிதியாக பாரிஸில் இருக்கிறார். ஊர்க்காரர்கள் நாசூக்காகக் காதில் போட்டார்கள்: தேவாலயத்துக்கு ஒரு மணி இருந்தால் நன்றாக இருக்கும். 1785-ல் ஃப்ராங்க்ளின், லண்டனில் இருந்த நண்பர் ரிச்சர்ட் பிரைஸுக்குக் கடிதம் எழுதினார். 25 பவுனுக்கு நல்ல புத்தகங்களாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பச் சொன்னார். மணியோசையைவிட மண்டைக்குள் ஏறுவது மேல் என்கிற மாதிரி ஒரு குத்தல் வேறு! வந்து சேர்ந்தவை 116 புத்தகங்கள்.

பாஸ்டன் சவுத் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நான், என் சகதர்மிணி, மாப்பிள்ளை மூவரும் போயிருந்தோம். "அமெரிக்கா வந்துட்டு நயாகரா பார்க்காம, லைப்ரரி பார்க்கிற மனுஷனை இங்கதான் பார்க்கிறேன்" என்று அம்மாள் வழி நெடுக முணுமுணுப்பு. "அத்தை, இதுல ஒரு மணிக் கதை இருக்கு" என்று மாப்பிள்ளை மெதுவாக எடுத்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

ஊரில் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலுக்கு ஒரு வெண்கல மணி செய்து போட வேண்டும், அதில் என் அப்பா அம்மா பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத்து வேண்டுதல். அதற்கென்று ஒரு லட்ச ரூபாய் பாங்கில் தனியாக இருக்கிறது. அந்தப் பணத்தை எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்குக் கொடுத்தால் என்ன என்பது என் கட்சி. நான் ரிடையரான நாளிலிருந்து வழக்கு நடக்கிறது. இன்னும் தீர்ப்பாகவில்லை.

நூலகம் பிரமாதம், சும்மா சொல்லக்கூடாது. ரே என்ற குடும்பத்துச் சகோதரிகள் இருவர் பெற்றோர் நினைவாக 1904-ல் கட்டித் தந்தது. கிரேக்கக் கோயில் ஜாடையில் கல் கட்டடம். படிக்கும் அறையின் சுவர்களில் தொம்மாஸோ யூக்ளாரிஸ் என்ற இத்தாலிய ஓவியர், கிரேக்கத் திருவிழாக் காட்சியைப் பெரிது பெரிதாக எழுதியிருக்கிறார். நம் ஊராக இருந்தால் செருப்பை வெளியே விடச் சொல்லியிருப்பார்கள்.

ஃப்ராங்க்ளின் அனுப்பிய புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. தோல் அட்டை, தூக்கினால் கை வலிக்கும் போல கனம். மதமும் அரசியலுமாகத்தான் பெரும்பாலும். இவற்றை யாருக்கெல்லாம் இரவல் தருவது என்று அந்தக் காலத்தில் ஊரில் தகராறு. 1790-ல் ஊர்க்கூட்டம் போட்டு, ஊரார் எல்லோருக்கும் இலவசம் என்று முடிவு கட்டினார்கள். அமெரிக்காவின் முதல் பொது நூலகம் எங்களுடையதுதான் என்று அவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது அதனால்தான். (பக்கத்து மாகாணத்தில் பீட்டர்பரோ என்ற ஊர், 1833-ல் ஊர்ப் பொதுப்பணத்தில் முதலில் நடத்தியது நாங்கள்தான் என்று பதிலுக்கு மார் தட்டுகிறது. நமக்கெதற்கு வம்பு!) 1796-ல் இங்கே பிறந்த ஒரு பையன் இந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தான். பிற்பாடு அமெரிக்கப் பொதுக்கல்வியின் தந்தை என்று பெயர் வாங்கிய ஹோரஸ் மான்.

எல்லாம் சரி. அலமாரி முன்னால் நிற்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஃப்ராங்க்ளின் 116 புத்தகம் கொடுத்தார். 117-வது புத்தகத்தை யார் வாங்குவது?

நூலகத்துக்குத் தானம் செய்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் தடுக்கி விழுகிறார்கள். கட்டடம் கொடுக்க ஆள் உண்டு. பெயர்ப் பலகை இருக்கிறதே! கரண்ட் பில் கட்ட, ஒழுகுகிற கூரையை மாற்ற, மாதா மாதம் புதுப் புத்தகம் வாங்க எவன் வருவான்? டியூப் லைட்டில் 'உபயம்' எழுதலாம், கரண்ட் பில்லில் எழுத முடியுமா? அமெரிக்காவில் மட்டும் 1,600-க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்த கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி இது தெரிந்த ஆசாமி. "கட்டடம் என்னுது. ஆனா வருஷா வருஷம் அந்தத் தொகையில் பத்து சதவிகிதம் ஊர்ப்பணத்திலிருந்து செலவழிக்கிறதா எழுதிக் கொடு" என்று முதலிலேயே கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் செக்கில் கையெழுத்துப் போடுவார்.

இன்னொரு வழி, முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிப்பது. அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர் நூலகங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு மூலதன நிதி உண்டு. உயில் எழுதி வைத்துவிட்டுப் போன கிழவிகள், பழைய புத்தகம் விற்றுச் சில்லறை சேர்க்கும் 'நூலக நண்பர்கள்' என்று பணம் பல வழியில் வருகிறது. அறங்காவலர்கள் அதை முதலீடு செய்து, பொதுவாக வருஷத்துக்கு நாலு, ஐந்து சதவிகிதம் மட்டும் எடுக்கிறார்கள்.

மாப்பிள்ளை இதை ஏதோ அமெரிக்கக் கண்டுபிடிப்பு மாதிரி விளக்கினார். விடுவேனா? "மாப்பிள்ளை, சோழர் காலத்திலேயே இதுக்குப் பேர் சாவா மூவாப் பேராடு!" என்றேன். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு (சில இடங்களில் 90) கொடுப்பார்கள். இடையர் அவற்றை வாங்கிக்கொண்டு தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும். கணக்கில் மட்டும் 96 குறையாது. சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. சந்திர சூரியர் உள்ளவரை விளக்கு எரியும்.

ஃப்ராங்க்ளினும் இப்படி ஓர் ஆட்டு மந்தையை விட்டுவிட்டுத்தான் போனார், வேறு ஊர்களுக்கு. 1790-ல் அவர் இறந்தபோது, உயிலின்படி பாஸ்டனுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் ஆளுக்கு 1,000 பவுன். இளம் தொழிலாளிகளுக்கு ஐந்து சதவிகித வட்டிக்குக் கடன் கொடுங்கள்; 100 வருஷத்தில் 1,31,000 பவுன் ஆகும்; அதில் ஒரு லட்சத்தை ஊர் நன்மைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு 100 வருஷம் ஓட விடுங்கள் என்று எழுதிவைத்தார். 1990-ல் கெடு முடிந்தபோது பாஸ்டனில் சுமார் 45 லட்சம் டாலர், ஃபிலடெல்ஃபியாவில் சுமார் 20 லட்சம். கிழவர் போட்ட கணக்குக்குக் குறைவுதான். ஆனாலும் 200 வருஷம் பொறுமையாக இருந்த பணம்!

நம் பள்ளிக்கூடங்களிலும் நினைவுப் பரிசு என்று டெபாசிட் போடுவதுண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்தில் ஒரு பெரியவர் 500 ரூபாய் போட்டார். 40 ரூபாய் வட்டி. கணக்கில் முதல் மாணவனுக்கு அழகான புத்தகங்கள் கிடைக்கும். இன்றைக்கும் அதே 40 ரூபாய்தான். பையன் ஒரு டீ குடித்து ரெண்டு வடை சாப்பிடலாம். வந்த வட்டியைப் பூராவும் தின்றால் ஆடு எண்ணிக்கையில் 96-ஆக இருக்கும், உடம்பில் எலும்புதான் இருக்கும். ஏழாயிரம் வட்டி வந்தால் நாலாயிரத்தைச் செலவழித்து மூவாயிரத்தை முதலோடு சேர்க்க வேண்டும். அமெரிக்க அறங்காவலர்கள் நாலு சதவிகிதத்தோடு கையைக் கட்டிக்கொள்வதன் ரகசியம் இதுதான்.

நூலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கட்டிக் கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். நான் வாதத்தை ஆரம்பித்தேன். அம்மாள் லேசுப்பட்டவளா?

"ஏங்க, நம்ம ஊர்ல வீட்டு வரி கட்டறப்போ ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா லைப்ரரிக்குன்னு புடிக்கிறாங்களே. அப்புறம் நாம எதுக்குக் கொடுக்கணும்? நாம கொடுத்தா, 'அதான் நிதி இருக்கே'ன்னு அவங்க குறைச்சுட்டா?"

1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த ராஜ்யம் நம்முடையது. கேள்வி நியாயமானது. எனக்குப் புளியோதரை தொண்டையில் நின்றது. மாப்பிள்ளை காப்பாற்றினார்.

"இங்கேயும் அந்தப் பயம் உண்டு, அத்தை. அதனால மாசசூசெட்ஸ்ல ஒரு விதி. கடைசி மூணு வருஷ சராசரியோட இரண்டரை சதவிகிதம் கூட்டி, அந்த அளவாவது ஊர்ப்பணத்துலேர்ந்து நூலகத்துக்கு ஒதுக்கணும். இல்லேன்னா மாகாண உதவிக்கு ஆபத்து. விலக்கு வேணும்னு மனுப் போட்டுக் கெஞ்சணும்."

"அப்படி நம்ம ஊர்ல எழுதி வாங்கிக் கொடுப்பாரா உங்க மாமா?"

நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். அவளே கொஞ்ச நேரம் கழித்துத் தொடர்ந்தாள்.

"மணி அடிச்சா ஊருக்கே கேக்கும். புத்தகம் படிச்சா யாருக்குக் கேக்கும்?"

"ஹோரஸ் மான்..."

"அந்தப் பையனை விடுங்க. நம்ம லைப்ரரி சாயங்காலம் எத்தனை மணிக்குப் பூட்டறாங்க? நாங்க அடுப்படியைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள பூட்டியாச்சு. முப்பது வருஷத்துல ஒரு தடவை உள்ளே போயிருப்பேனா நான்? உங்க வட்டியில ஒரு பொண்ணைப் போட்டு எட்டு மணி வரைக்கும் திறந்து வெப்பாங்களான்னு கேளுங்க. அப்புறம் பேசலாம்."

நாலாயிரம் ரூபாயில் ஒரு வருஷத்துக்கு ஒரு பெண்ணுக்குச் சம்பளமா? மாதம் 333 ரூபாய்! இன்னும் எத்தனை பேர் சேர வேண்டும் என்று டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தேன். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"இருபது பேரைப் புடிங்க. மணியைக் கொஞ்சம் சின்னதா வாங்கிக்கலாம்."